மொலோகாய்த் தீவில் தனித்திருந்த டேமியன் சுவாமியார்

கரையிலிருந்து ஒரு சிறு படகு கப்பலை நோக்கி வந்தது. படகில் இருந்தவர் 33 வயதுப் பாதிரியார். கப்பலின் மேல்தளத்தில் அவருடைய சபையின் மேலதிகாரி காத்துக்கொண்டிருந்தார். ஆனால் படகில் வந்தவரைக் கப்பலில் ஏற்ற மறுத்துவிட்டார் கேப்டன். கப்பலில் இருந்தவரும் கீழே இறங்கக் கூடாது. ஹவாய் சர்க்காரின் கண்டிப்பான உத்தரவு அது. ஏனென்றால், அந்தப் படகு வந்த கரை தொழுநோயாளிகளின் கரை.

பாதிரியார் வந்தது உணவு கேட்டு அல்ல. மருந்து கேட்டும் அல்ல. பாவசங்கீர்த்தனம் செய்துகொள்ள வந்தார். கத்தோலிக்கர்கள் தங்கள் குற்றங்களை ஒரு குருவின் காதோடு காதாகச் சொல்லி மன்னிப்புப் பெறுவார்கள். ஊராருக்கெல்லாம் மன்னிப்பு வழங்கும் குருவானாலும், தம் குற்றத்தை இன்னொரு குருவிடம்தான் சொல்ல வேண்டும். அந்தக் கரையிலோ அவரைத் தவிர வேறு குரு கிடையாது.

படகில் நின்றபடியே அவர் தலையை நிமிர்த்தினார். காதோடு சொல்ல வேண்டியவற்றை, கடலிரைச்சலுக்கு மேலாக, பிரெஞ்சு மொழியில் உரக்கச் சொன்னார். மேலே நின்றவர் கையை உயர்த்தி மன்னிப்பு வழங்கினார். படகு திரும்பியது. கப்பல் தன் வழியே போயிற்று.

அவர்தான் டேமியன். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் அந்தப் பெயரைத் தமியான் என்று எழுதுவார்கள். தமியன் என்றால் பழந்தமிழில் தனித்திருப்பவன் என்று பொருள். பெயர் வைத்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அந்தப் பெயர் அவருக்கு எவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது!

அண்ணனுக்குப் பதில் தம்பி

பெல்ஜியம் நாட்டில் லூவேன் நகருக்குப் பக்கத்தில் திரெமெலோ என்று ஒரு கிராமம். அங்கே 1840 ஜனவரி 3-ஆம் தேதி ஒரு தானிய வியாபாரியின் ஏழாவது குழந்தையாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் தெ வூஸ்தர். நல்ல உடற்கட்டு, எந்த வேலைக்கும் அஞ்சாத கைகள். இவனாவது வியாபாரத்தைக் கவனித்துக்கொள்வான் என்று தகப்பனார் எண்ணியிருந்தார். ஆனால் அண்ணன் பாம்பில் துறவு பூண்டிருந்த திரு இருதயங்களின் சபையில், 1859-இல் தம்பியும் போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கே டேமியன் என்ற பெயரை ஏற்றார். பழைய காலத்தில் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்த ஒரு புனிதரின் பெயர் அது.

லத்தீன் தெரியாதவர் குருவாக முடியாது. ஆகவே அவரை ஏவல் வேலை செய்யும் சகோதரராகத்தான் முதலில் சேர்த்தார்கள். ஓய்வு நேரத்தில் அண்ணன் லத்தீன் சொல்லிக் கொடுத்தார். தம்பி மளமளவென்று கற்பதைக் கண்ட பெரியவர்கள், குருப் படிப்புக்கு அனுமதித்தார்கள்.

1860 அக்டோபர் 7-ஆம் தேதி பாரிஸில் அவர் துறவு வாக்குக் கொடுத்தார். அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வாக்குக் கொடுப்பவர் தரையில் படுக்க, சவத்தின்மேல் போர்த்தும் கறுப்புத் துணியை அவர்மேல் போர்த்துவார்கள். உலகத்துக்கு இவன் இறந்துவிட்டான் என்பது அதன் கருத்து. இருபது வயது இளைஞன் அந்தத் துணிக்கடியில் கிடந்தான். அந்தத் துணி பிறகும் அவர் வாழ்க்கையில் வரும்.

முத்துக்குளித்துறையில் மறை பரப்பிய சவேரியாரின் படத்தின் முன் நின்று, தம்மையும் தூர தேசத்துக்கு அனுப்ப வேண்டும் என்று டேமியன் நாள்தோறும் வேண்டிக்கொள்வார். 1863-இல் ஹவாய்த் தீவுகளுக்குப் போக உத்தரவு வந்தது. அவருக்கு அல்ல, அண்ணனுக்கு! பயணத்துக்கு எல்லாம் தயாராக இருந்த வேளையில், காய்ச்சல்காரர்களைப் பார்க்கப்போன அண்ணனை டைபஸ் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. தம்பி யாரையும் கலக்கவில்லை. உள்ளூர் அதிபரைத் தாண்டி, பாரிஸில் இருந்த தலைமை அதிபருக்கே நேரே கடிதம் எழுதி அண்ணனுடைய இடத்தைக் கேட்டார். இன்னும் குருப்பட்டம்கூடப் பெறாத பையனின் துணிச்சல் அது. உத்தரவு கிடைத்துவிட்டது.

புறப்படும் முன், மாதா கோயில் திருத்தலம் ஒன்றில் தாயாரைச் சந்தித்து விடைபெற்றார். அதற்குப் பிறகு தாயும் மகனும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை.

பிரித்துவிடும் வியாதி

1864 மார்ச் 19-ஆம் தேதி ஹொனலூலு துறைமுகத்தில் இறங்கினார். மே 21-ஆம் தேதி குருப்பட்டம் பெற்றார். பெரிய தீவாகிய ஹவாயில், எரிமலைச் சரிவுகளிலும் காட்டு வழிகளிலும் குதிரையேறிச் சுற்றினார். தாமே மரம் அறுத்து, தோளில் சுமந்து, கோயில்கள் கட்டினார். இப்படி ஒன்பது ஆண்டுகள் போயின. பக்கத்துக் குருவைப் பார்க்க வேண்டுமென்றால் நாள் கணக்கில் பயணம் செய்யவேண்டும். தனிமை அவருக்கு அங்கேயே அறிமுகமாகிவிட்டது.

ஹவாய் அப்போது தனி ராஜ்யம். வெளிநாட்டுக் கப்பல்களோடு வந்த நோய்கள் அந்த மக்களை வாரிக்கொண்டு போயின. அவற்றில் ஒன்று தொழுநோய். சர்க்கார் பயந்துபோய் 1865-இல் ஒரு சட்டம் செய்தது. நோய் கண்டவர்களைப் பிடித்து மொலோகாய்த் தீவின் வடகரையில் கொண்டுபோய் விடவேண்டும் என்பது சட்டம். மூன்று பக்கமும் கடல். நாலாவது பக்கம் 2,000 அடிக்கு மேல் செங்குத்தாக எழும் மலைச்சுவர். சிறைச்சாலைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இயற்கையில் கிடைக்காது. 1866 ஜனவரி 6-ஆம் தேதி முதல் பன்னிரண்டு பேரை அங்கே இறக்கினார்கள்.

கணவனைப் பிடித்துப் போனார்கள்; மனைவி கரையில் நின்று கதறினாள். பெற்ற பிள்ளையைப் பிரித்துப் போனார்கள். அந்நாட்டு மக்கள் அந்த நோய்க்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? குடும்பத்தைப் பிரிக்கும் வியாதி. டேமியனின் பங்கைச் சேர்ந்தவர்களும் அப்படிப் போனார்கள்.

1873 மே மாதம், மாவி தீவில் ஒரு கோயில் திறப்புக்குக் குருமார்கள் கூடியிருந்தார்கள. மொலோகாயில் கிடப்பவர்கள் குரு இல்லாமல் சாகிறார்களே என்று மேற்றிராணியார் மெக்ரே வருந்தினார். யாரையும் கட்டளையிட்டு அனுப்ப அவருக்கு மனமில்லை. நான்கு குருமார்கள் தாமாக முன்வந்தார்கள். ஆளுக்குச் சில மாதமாக முறை வைத்துப் போவது என்று ஏற்பாடு. முதல் முறை டேமியனுக்கு.

மே 10-ஆம் தேதி நோயாளிகளையும் மாடுகளையும் ஏற்றிக்கொண்டு போன கப்பலிலேயே மேற்றிராணியாரோடு போய் இறங்கினார். அடுத்தவருக்கு முறை வரவே இல்லை. அங்கேயே இருந்துவிட அவர் அனுமதி கேட்டு வாங்கிவிட்டார்.

தாழை மரமே வீடு

கலவாவோ என்ற அந்தக் குடியிருப்பில் புனித பிலோமினா பெயரால் ஒரு சிறு மரக்கோயில் மட்டும் இருந்தது. குருவுக்கு வீடு கிடையாது. கோயிலுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு தாழை மரத்தடியில்தான் ஆரம்பத்தில் படுத்து உறங்கினார். நம் கடற்கரைகளில் வேலியாக நிற்கிறதே, அதே தாழை இனம்தான்.

சுற்றிலும் நூற்றுக்கணக்கான நோயாளிகள். புல்லாலும் கிளையாலும் வேய்ந்த குடிசைகள். நல்ல தண்ணீர் தூரத்தில் இருந்தது. நடக்க முடியாதவர்கள் தாகத்தோடு கிடந்தார்கள். சட்டம் கேட்பாரற்றுப் போயிருந்தது. ஒரு செடியின் கிழங்கிலிருந்து சாராயம் காய்ச்சிக் குடித்து, கவலையை மறந்தார்கள். செத்தவர்களுக்குப் பெட்டிகூட இல்லை.

புண்ணின் நாற்றத்தைத் தாங்க முடியாமல், பூசை நேரத்தில்கூட வெளியே ஓடிவிடலாமா என்று டேமியனுக்குத் தோன்றியதுண்டு. அதற்காகவே புகைக்குழாய் பிடிக்கப் பழகினார். துறவிக்கு இது தகுமா என்று கேட்டவர்கள் அந்தக் குடிசைகளுக்குள் நுழைந்ததில்லை.

அவர் செய்த வேலைகளுக்கு அளவில்லை. வாய்க்கால் இல்லாத இடத்துக்குக் குழாய் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார். வீடுகள் கட்டினார். புண்களைக் கழுவிக் கட்டுப்போட்டார். சவப்பெட்டி செய்தார், குழி வெட்டினார், சடங்கும் செய்தார். தச்சன், வெட்டியான், வைத்தியன், குரு எல்லாம் ஒருவரே. அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தார். பாடகர் குழுவும் வாத்தியக் குழுவும் சேர்த்தார். விரல்கள் போன இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து, இருவருக்கும் மிஞ்சிய விரல்களால் ஒரே ஆர்மோனியப் பெட்டியை வாசித்தார்களாம். சாராயப் பானைகளைக் கைத்தடியால் உடைத்ததும் உண்டு. முன்கோபக்காரர், பிடிவாதக்காரர். இதை அவரை நேசித்தவர்களும் மறைத்ததில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் அவர்களைத் தொட்டார். சேப்பங்கிழங்கை அவித்து இடித்துச் செய்யும் களியை அவர்களோடு ஒரே கலத்தில் கைவிட்டு உண்டார். புகைக்குழாயைப் பகிர்ந்துகொண்டார். ஊருக்கு எழுதிய கடிதங்களில், நோய் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, தொழுநோயாளிகளாகிய நாங்கள் என்றே தம்மையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

பேழையின் முன்

பகல் வேலையில் கழியும். இரவு? பேசுவதற்குத் தம் மொழியறிந்த ஒருவர் இல்லை. ஆரம்பத்தில் இருந்த தடை பிறகு தளர்ந்தது உண்மை. மலைச்சுவரில் ஏறி மறுபக்கத்துக் கிராமங்களுக்குப் போய் அங்கும் கோயில்கள் கட்டினார். ஆனால் துணைக்கு வந்த குருமார்கள் இருவரோடும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. தவறு ஒரு பக்கம் மட்டும் இருந்ததாகச் சொல்வதற்கில்லை. 1885-இல் இரண்டாமவரும் போய்விட்டார். அதன்பின் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் வேறு குருவே இல்லை.

வெளியுலகம் புகழ ஆரம்பித்தது. 1881-இல் அரசப் பிரதிநிதியாக இருந்த இளவரசி லிலியுவோகலானி நேரில் வந்தார். நோயாளிகளைப் பார்த்ததும் கண்ணீர் பெருகி, பேச முடியாமல் நின்றுவிட்டார். டேமியனுக்கு அரசாங்கப் பதக்கம் அனுப்பிவைத்தார். பழைய அங்கிக்கு அது பொருந்தாதென்று அவர் அதை அணியாமலே வைத்துவிட்டார். இங்கிலாந்திலிருந்து ஆங்கிலிக்கன் சபைப் போதகர் சாப்மன் பணம் திரட்டி அனுப்பினார். இந்தப் புகழும் பணமும் சொந்தச் சபையின் மேலதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. விளம்பரம் தேடுகிறார் என்று எண்ணினார்கள். அவர்கள் எழுதிய கடிதங்கள் நோயைவிடக் கொடியவையாக அவரைக் குத்தின.

அப்போதெல்லாம் அவர் போன இடம் ஒன்றுதான். கோயிலில் நற்கருணைப் பேழையின் முன்னே மண்டியிடுவார். அப்பத்தின் வடிவில் சேசுநாதர் அங்கே உண்மையாகவே எழுந்தருளியிருக்கிறார் என்பது கத்தோலிக்கர்களின் விசுவாசம். டேமியனுக்கு அது வேதபாடத்தில் படித்த கருத்தாக இல்லை. பக்கத்து அறையில் ஒரு நண்பர் இருப்பதைப்போல இருந்தது. பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு இல்லாத மாதங்களில், அந்தப் பேழையின் முன்பாகவே தம் குற்றங்களைச் சொல்லி அழுதார். ஆண்டவர் அந்தக் கோயிலில் இடைவிடாமல் இராவிட்டால், தொழுநோயாளிகளோடு தம் வாழ்க்கையைப் பிணைத்துக்கொள்ளத் தம்மால் ஒருபோதும் முடிந்திராது என்று கடிதங்களில் திரும்பத் திரும்ப எழுதினார்.

தாம் பெற்ற அந்த ஆறுதலைத் தமக்கென்று வைத்துக்கொள்ளவும் இல்லை. நோயாளிகளையே முறைவைத்து, பேழையின் முன் மாறி மாறி ஆராதனை செய்ய ஏற்பாடு செய்தார். கோயிலுக்கு வரமுடியாதவர்கள் தங்கள் முறை வந்தபோது படுக்கையிலிருந்தே ஜெபித்தார்கள். உறவு அறுக்கப்பட்டு வந்தவர்களுக்கு, தங்களை எதிர்பார்த்து ஒருவர் காத்திருக்கிறார் என்ற எண்ணமே பெரிய மருந்தாக இருந்தது. மாலை நேரங்களில் டேமியன் ஜெபமாலையோடு கல்லறைத் தோட்டத்தில் உலாவுவார். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் அவருக்குப் பெயர் தெரிந்தவர்கள், அவரே புதைத்தவர்கள்.

கொதிநீரும் வலியும்

1884 டிசம்பரில் ஒரு நாள். களைத்து வந்த டேமியன் கால்களை வெந்நீரில் வைத்தார். தோல் கொப்புளித்துப் போயிற்று. வலியே இல்லை. தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. உணர்ச்சி மரத்துப்போவது தொழுநோயின் அடையாளம் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. டாக்டர் ஆர்னிங் பரிசோதித்து உறுதி செய்தார்.

டேமியன் மொலோகாயில் இறங்கிய அதே 1873-இல்தான், நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் இந்த நோயின் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் அதைக் கொல்லும் மருந்து 1940-களில்தான் வந்தது. இன்று மாத்திரையால் முழுமையாகக் குணமாகும் நோய் அது. டேமியனின் நாளில் அது மரண தண்டனை.

அவர் அலறவில்லை. பாரிஸில் அன்று தம்மேல் போர்த்திய கறுப்புத் துணியை நினைத்துக்கொண்டார். ஒருமுறை செத்தவனுக்கு மறுபடி என்ன பயம் என்ற தைரியம் அதிலிருந்து வந்தது. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவர் மனம் நடுங்கியது. ஊரில் முதிர்ந்த வயதில் தாயார் இருந்தார். அவருக்குத் தெரியக்கூடாது என்று செய்தியை மறைத்து வைத்தார். பத்திரிகைகள் மறைக்கவில்லை. மகனின் உடல் அழுகி விழுகிறது என்ற சேதி 1886-இல் அந்தக் கிழவியின் காதுக்கு எட்டியது. அந்த ஆண்டிலேயே அவர் கண்ணை மூடினார்.

அதே 1886-இல் பாவசங்கீர்த்தனத்துக்காக ஹொனலூலு வர விரும்பினார் டேமியன். வந்தால் ஓர் அறையில் அடைபட்டுக் கிடக்கவேண்டும். அவர் தொட்ட பூசைக் கிண்ணத்தையும் உடைகளையும் வேறு யாரும் தொடமாட்டார்கள் என்று அதிபரிடமிருந்து பதில் வந்தது. அடிமைபோல் உழைத்த மனிதரின் நெஞ்சு அன்று உடைந்தது. ஆயினும் ஜூலையில் போனார். ஆஸ்பத்திரியில் சில நாள் ஜப்பானிய முறை வெந்நீர்ச் சிகிச்சை நடந்தது. மன்னர் கலாகாவாவே வந்து பார்த்தார். சிகிச்சை முடியும்வரை இருக்க அவருக்குப் பொறுமை இல்லை. ஒரு வாரத்தில் தம் மக்களிடம் திரும்பிவிட்டார்.

கடைசியில் வந்த துணை

அந்த மாதக் கடைசியில் கப்பலிலிருந்து ஓர் அமெரிக்கர் இறங்கினார். ஜோசப் டட்டன் என்று பெயர். உள்நாட்டுப் போரில் பணிபுரிந்தவர். தம் பழைய வாழ்க்கைக்குப் பரிகாரம் செய்ய இங்கே உழைக்க வந்தேன், சம்பளம் வேண்டாம் என்றார். வந்தவர் 44 ஆண்டுகள் அங்கே இருந்தார்! 1888-இல் கொன்ரார்டி என்ற பெல்ஜியக் குரு வந்தார். நவம்பரில் மரியான் அம்மையார் இரண்டு கன்னியாஸ்திரீகளோடு வந்து சேர்ந்தார். சின்னெட் என்பவர் செவிலிப் பணிக்கு வந்தார். பல ஆண்டுகள் கெஞ்சிக் கேட்டும் கிடைக்காத துணை, உடல் உருக்குலைந்த பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

முகம் தடித்து, காது வீங்கி, கைகள் புண்ணாகிவிட்ட நிலையிலும் அவர் ஏணியை விடவில்லை. 1888 டிசம்பரில் எட்வர்ட் கிளிபர்டு என்ற ஆங்கில ஓவியர் அவரைக் காண வந்தபோது, கோயில் விரிவாக்க வேலையில்தான் இருந்தார். கிளிபர்டு கொண்டுவந்த பரிசுகளில் குர்ஜன் எண்ணெயும் ஒன்று. அந்தமான் தீவில் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த மர எண்ணெய் அது. டேமியன் அதை உபயோகித்துப் பார்த்தார். கொஞ்சம் சுகம் தெரிந்தது, நோய் நிற்கவில்லை.

1889 மார்ச்சில் படுக்கையில் விழுந்தார். கட்டில் வேண்டாமென்று தரையில் கிடந்தவரை வற்புறுத்தித்தான் கட்டிலில் படுக்கவைத்தார்கள். 30-ஆம் தேதி வெண்டலின் சுவாமியார் பக்கத்தில் அமர்ந்து அவருடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டார். இம்முறை கத்த வேண்டியிருக்கவில்லை. ஏப்ரல் 15-ஆம் தேதி, பரிசுத்த வாரத்துத் திங்கட்கிழமை, உயிர் பிரிந்தது. வயது 49. அவர் விரும்பியபடியே, முதலில் படுத்துறங்கிய அந்தத் தாழை மரத்தடியிலேயே அடக்கம் செய்தார்கள்.

இறந்த பிறகும் அவரை விடவில்லை. ஹொனலூலுவில் இருந்த ஹைட் என்ற புராட்டஸ்டண்டுப் போதகர், டேமியன் அழுக்கானவர், முரடர், ஒழுக்கம் தவறியதால்தான் நோய் பெற்றார் என்றெல்லாம் எழுதிய கடிதம் அச்சில் வந்தது. அப்போது ஸ்காட்லாந்து நாவலாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் அந்தப் பக்கத்துக் கடல்களில் இருந்தார். அவரும் புராட்டஸ்டண்டுக்காரர்தான். டேமியன் இறந்த மறுமாதமே மொலோகாய்க்குப் போய், ஒரு வாரம் தங்கி, அவரைப் பிடிக்காதவர்களிடமும் விசாரித்திருந்தார். 1890 பிப்ரவரியில் ஹைட்டுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்றைச் சிட்னியிலிருந்து எழுதினார். டேமியனின் குறைகளை ஒப்புக்கொண்டே, மற்றவர்கள் வசதியான வீடுகளில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் குடியானவன் போய் இறங்கினான் என்பதைச் சவுக்கடிபோல் எழுதினார். கடிதம் உலகம் சுற்றியது. ஹைட்டின் பெயரை இன்று பலர் அறிந்திருப்பது இதனால்தான்.

1936-இல் பெல்ஜியம் தன் மகனைத் திருப்பிக் கேட்டது. சவப்பெட்டியை ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் மன்னர் மூன்றாம் லியோபோல்டு எதிர்கொண்டார். லூவேனில் கல்லறை எழுந்தது. மொலோகாயின் நோயாளிகள் அழுதார்கள். அவர்களைக் கட்டிவைத்த சட்டம் 1969-இல்தான் ரத்தாயிற்று. அதற்குள் ஏறக்குறைய 8,000 பேர் அந்தக் கரைக்குப் போயிருந்தார்கள். போக இடமிருந்தும், சிலர் அந்த மண்ணை விட்டுப் போகவில்லை.

1995-இல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் டேமியனுக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2009 அக்டோபர் 11-ஆம் தேதி ரோமில் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது, மொலோகாயிலிருந்து முதிய நோயாளிகளும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். முத்திப்பேறு பட்டத்தின்போதே அவர்களுக்கு ஒன்று திரும்பக் கிடைத்துவிட்டது. முழு உடலும் வராவிட்டாலும், புண்களைக் கழுவிய வலக்கையாவது தரப்பட்டது. கலவாவோவில், பிலோமினா கோயிலை ஒட்டிய பழைய குழியில், அந்தக் கையைப் புதைத்திருக்கிறார்கள்.